பாவாடை மூட்டை

சனிக்கிழமை கடைசி வகுப்பை ஒரு பாடத்துக்குக் கொடுக்கிறார்கள் என்றால், அந்தப் பாடத்தை ஒப்புக்குச் சப்பாணியாக வைத்திருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். அந்த ராணுவப் பயிற்சிக் கழகத்தில் துப்பாக்கிக்குத் திங்கட்கிழமை காலை. வரைபடத்துக்குச் செவ்வாய். சட்டத்துக்குக்கூட வியாழன் மதியம் கிடைத்தது. மேஜர் நடத்திய பாடத்துக்கு மட்டும் சனிக்கிழமை, அதுவும் பத்து கிலோமீட்டர் ஓடி, குளித்து, வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு அறுபது பேரும் வந்து உட்காரும் நேரம். ‘படைப்பணியில் பாலினப் பார்வை’ என்று கால அட்டவணையில் போட்டிருந்தது. வருங்கால அதிகாரிகள் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் வித்தையை அந்த வகுப்பில்தான் கற்றுத் தேர்ந்தார்கள்.

மேஜர் விடுகிற ஆள் இல்லை. ஆறு வருடமாகச் சுண்ணாம்புக் கட்டியும் கையுமாக மன்றாடிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இது ஏட்டுப் பாடம் இல்லை. லெப்டினன்டாக இருந்த காலத்தில் ஒரு சோதனைச் சாவடிக்கு ஜீப்பில் போய் இறங்கியபோது, பிரசவ வலியில் துடித்த ஒருத்தியை மூன்று மணி நேரமாக வேனிலேயே உட்கார வைத்திருந்தார்கள். சோதனை போடப் பெண் இல்லையாம். ஆண் தொடக் கூடாதாம். சோதிக்காமல் விடவும் கூடாதாம். ஆக, எல்லாரும் சட்டப்படி நடந்தார்கள், குழந்தை செத்துப் பிறந்தது. அன்றைய அறிக்கையில் ‘பொதுமக்கள் ஒத்துழைத்தனர்’ என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு வயிறு எரியும்.

பையன்கள் அவளுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் ‘பாவாடை மேஜர்’. காரணம், அவள் உண்டாக்கிய மூட்டை. ஆறு நீளப் பாவாடை, ஆறு தலைத்துணி, ஆறு பிளாஸ்டிக் குடம், கை ஒடிந்த ஒரு பொம்மை. பயிற்சிக் கழகத்துக்குப் பின்னால் கதவில்லாத பன்னிரண்டு செங்கல் வீடுகளும் ஒரு அடிபம்பும் வைத்து ஒரு பொம்மைக் கிராமம் கட்டியிருந்தார்கள். களப்பயிற்சி நடக்கும்போதெல்லாம் அங்கே கிராமத்துப் பெண்களாக நடிக்க ஆள் இருக்க வேண்டும், சாவடியில் அவர்களை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்று முதல் வருடமே எழுதிக் கொடுத்து, சண்டை போட்டு வாங்கிய மூட்டை அது. பட்டப்பெயர் காதில் விழும்போது கோபம் வரும். ஆனாலும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்தப் பெருமையில் மண் விழுந்தது இறுதிக் களப்பயிற்சிக்கு ஒன்பது நாள் முன்னால்.

வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு ஒருத்தி மட்டும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள். அறுபது பேரில் பெண்கள் ஆறு பேர். அதில் இவள் நெட்டை. கால் இரண்டும் நீளம் என்பதால் கொக்கு என்று எல்லாரும் கூப்பிட்டார்கள். ஓட்டத்தில் மூன்றாவது, துப்பாக்கியில் ஐந்தாவது. வீட்டில் அப்பா லாரி ஓட்டுகிறார், இவளுக்குப் பின்னால் இரண்டு தம்பிகள். காலாட்படைக்குப் போவேன் என்று முதல் நாளே சொன்னவள்.

என்ன விஷயம் என்று மேஜர் கேட்டாள். கொக்கு தன் மதிப்பெண் தாளை எடுத்து மேசைமேல் வைத்தாள். எல்லாக் கட்டத்திலும் எண் இருந்தது. ‘களத் தலைமை’ என்ற கட்டத்தில் மட்டும் ஒன்றும் இல்லை. ஒரு தடவையாவது களத்தில் ஒரு குழுவுக்குத் தலைமை ஏற்று மதிப்பெண் வாங்காதவர்களுக்குக் காலாட்படை கிடையாது. நேரே ஸ்டோர், இல்லாவிட்டால் கோப்பு அறை. ஆயுள் முழுக்கப் போர்வை எண்ண வேண்டியதுதான்.

“இன்னும் ஏன் காலியா இருக்கு?” என்றாள் மேஜர்.

“பதினாலு களப்பயிற்சி நடந்திருக்கு மேடம். பதினாலுலயும் நாங்க ஆறு பேரும் கிராமத்துப் பொம்பளைங்க. குடத்தைத் தூக்கிட்டு வெயில்ல நின்னா தலைமை மார்க் எப்படி வரும்?”

கொக்கு நிறுத்தவில்லை. சாவடியில் நாலு மணி நேரம் உட்கார வைப்பார்களாம். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டால் நடிக்காதே என்பார்களாம். பக்கத்திலேயே நின்று முழுத் திட்டத்தையும் பேசுவார்களாம், இவர்கள் கம்பமோ கல்லோ என்பது போல. சாயங்காலம் அறிக்கையில் ‘பொதுமக்கள் ஒத்துழைத்தனர்’ என்று எழுதிவிட்டுப் போவார்களாம்.

“அந்த அறிக்கைக்கு நீங்க பத்துக்கு எட்டு போட்டீங்க மேடம்,” என்றாள் கொக்கு. “நீங்க கோவிச்சாலும் சரி. உங்க பாடம் வந்ததுக்கு அப்புறம்தான் எங்க தலைமேல இந்தக் குடம் ஏறுச்சு. அதுக்கு முன்னால இருந்த அக்காங்க எல்லாம் தலைமை ஏத்திருக்காங்க. பழைய பதிவேட்டைப் பார்த்துட்டுத்தான் பேசறேன்.”

சலாம் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட மேஜர் ஏதாவது ஆறுதல் சொல்லித் தப்பித்திருப்பாள்.

கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. எந்தக் களவாணி இப்படி ஏற்பாடு பண்ணினான், பெண்களுக்குத்தான் பாவாடை என்று எவன் முடிவு செய்தான், அவனை உண்டு இல்லை என்று ஆக்குகிறேன் என்று பழைய உத்தரவுகளைப் புரட்டினாள். ஒரு தாளிலும் யார் கட்ட வேண்டும் என்று இல்லை. கடைசியில் அக்காவுக்கு ஃபோன் போட்டாள். அக்கா தையல் கடை வைத்திருந்தாள். மூட்டையில் இருந்த பாவாடைகளைத் தைத்தவள் அவள்தான். யார் சொல்லி அந்த அளவில் தைத்தாய் என்று மேஜர் அதட்டினாள்.

“யாருடி சொல்லுவா? நீதான் சொன்னே,” என்றாள் அக்கா. அளவு நோட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது. “தோ இருக்கு. உன் கையெழுத்துலயே எழுதிக் கொடுத்திருக்கே. இடுப்பு இருபத்தெட்டு, இருபத்தொம்போது, இருபத்தேழு. ஆறும் பொம்பளைப் புள்ளைங்க அளவு. ஆம்பளைப் பசங்க அளவு நீ கொடுக்கவே இல்லையே.”

ஆமாம். நினைவு வந்துவிட்டது. முதல் வருடம், ஒரு மதியம், அளவு நாடாவோடு விடுதிக்குப் போய் இருந்த பெண்களை வரிசையாக நிற்க வைத்து அளந்தவள் சாட்சாத் அவளேதான். கிராமத்துப் பெண்ணாக நடிக்கப் பெண்தானே வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றியது. ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை. உலகத்துக்கெல்லாம் பாடம் எடுத்தவளுக்கு இது உறைக்கவில்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை. அப்புறம் எல்லாம் தானாக ஓடியது. மூட்டை வந்தால் பெண்கள் கட்டுவார்கள், பையன்கள் தலைமை ஏற்பார்கள், அவள் ஓரமாக நின்று மார்க் போடுவாள். தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

“சரி, இப்ப ஆறு பாவாடை வேணும்,” என்றாள் அக்காவிடம். “இடுப்பு முப்பத்திநாலு.”

“அப்பா! யாருக்குடி?”

“உசத்தியான ஆளுங்களுக்கு. எட்டு நாள்ல வேணும்.”

திங்கட்கிழமை காலை பயிற்சித் தலைவராக இருந்த கர்னலின் அறைக்குப் போனாள். கர்னல் கெட்ட மனிதர் இல்லை. அதுதான் தொல்லையே. கெட்டவனோடு சண்டை போடலாம். தட்டிக் கொடுத்துச் சிரித்துப் பேசி நாற்காலி போட்டு உட்கார வைத்துக் கழுத்தறுக்கிறவரோடு என்ன செய்வது?

மேஜர் கேட்டது ஒன்றுதான். இறுதிப் பயிற்சியில் கிராமத்துப் பெண்களாக நடிப்பவர்களை ரோல் நம்பர் வரிசைப்படி எடுக்க வேண்டும். ஒன்றிலிருந்து ஆறு வரை. பெண்கள் ஆறு பேரும் குழுக்களுக்குப் போக வேண்டும், கொக்குக்கு ஒரு குழுவின் தலைமை வேண்டும்.

கர்னலின் சிரிப்பு பாதியில் நின்றது. ரோல் நம்பர் தகுதிப்படி போட்டது. முதல் ஆறும் அவருடைய செல்லப் பிள்ளைகள், ஆளுக்கு நாலைந்து தடவை தலைமை ஏற்று மார்க்கை அள்ளிக் குவித்தவர்கள். பாலினப் பாடத்தை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்க்க வெளியிலிருந்து ஒரு குழு வேறு வருகிறது. அவர்கள் முன்னால் கழகத்தின் முதல் மாணவன் குடத்தோடு நிற்பதா?

“இங்க பாரும்மா,” என்றார். மேஜர் என்று கூப்பிட்டவர் காரியம் ஆக வேண்டும் என்றதும் அம்மாவுக்கு இறங்கிவிட்டார். “ஒரு பையனுக்குப் பாவாடை கட்டிவிட்டா அது இந்த யூனிஃபார்முக்கே அவமானம். புரிஞ்சுக்கோ.”

“ரெண்டு வருஷமா ஆறு பேர் அதே யூனிஃபார்ம் மேலதான் சார் கட்டினாங்க. அப்ப அவமானம் ஆகலையா?”

கர்னல் பேனாவை மூடித் திறந்தார். பேச்சை வேறு பக்கம் திருப்பினார். இந்தப் பாடத்தை எடுத்துவிட வேண்டும் என்று மேலே பலர் சொல்கிறார்கள், நான்தான் தாங்கிப் பிடிக்கிறேன் என்றார். நீ இப்படி அடம் பிடித்தால் அடுத்த வருடம் என்னால் உத்தரவாதம் தர முடியாது என்றார். மிரட்டலையும் பாசமாகச் சொல்ல அவருக்கு வரும்.

அந்தச் சனிக்கிழமை ஒரு மணி நேரத்துக்காக மேஜர் எத்தனை பேர் காலைப் பிடித்திருப்பாள்! அந்த வேனும், உள்ளே இருந்தவளின் முகமும் ஞாபகம் வந்தன. பாடம் போய்விட்டால் நாளைக்கு அந்தச் சாவடியில் நிற்கப் போகிறவனுக்கு யார் சொல்லித் தருவார்கள்? ஆனால் பாடத்தைக் காப்பாற்ற இந்தப் பெண்ணைப் போர்வை எண்ண அனுப்பினால், அப்புறம் பாடம் என்று வாயைத் திறக்க அவளுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

“பாடம் போனா போகட்டும் சார்,” என்றாள். “ஆனா பயிற்சிப் படிவத்துல பாலினப் பாட ஆசிரியர் கையெழுத்துன்னு ஒரு இடம் இருக்கு. வர்றவங்க முதல்ல பார்க்கப்போறது அதைத்தான். இந்த வரிசை இல்லைன்னா அந்த இடத்துல என் கையெழுத்து இருக்காது.”

கர்னல் இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் உத்தரவு வந்தது. ரோல் ஒன்று முதல் ஆறு வரை கிராமத்தார். கொக்குக்கு அரை நாள் தலைமை, அடிபம்புச் சாவடி. அது கிராமத்தின் பின்பக்கம். அங்கே ஒன்றும் நடக்காது என்று எல்லாருக்கும் தெரியும். எலும்புத் துண்டைப் போட்டு வாயை அடைக்கிறார்கள் என்று மேஜருக்கு எரிச்சலாக வந்தது. கொக்கு மட்டும் உத்தரவைப் படித்துவிட்டு, “பம்பா? போதும் மேடம்,” என்றாள்.

பயிற்சியன்று ஏழு மணிக்கு அக்காவின் பாவாடைகள் மூட்டையிலிருந்து வெளியே வந்தன. ரோல் ஒன்று நாடாவை எந்தப் பக்கம் முடிவது என்று தெரியாமல் விழித்தான். வந்திருந்த குழு குடை பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தது. அதன் தலைவி நரைத்த தலையோடு, ஒரு நோட்டுப் புத்தகமும் கையுமாக இருந்தாள். அதிகம் பேசாத பெண்மணி.

விளையாட்டு இதுதான். எதிரிப் பக்கத்து மாணவர்கள் கிராமத்துக்குள் ஒரு வெடிப்பெட்டியை ஒளித்து வைத்திருந்தார்கள். மதியத்துக்குள் அதை வெளியே கடத்த வேண்டும். சாவடிக்காரர்கள் பிடிக்க வேண்டும். முன்பக்கம் பெரிய சாவடியில் நாற்பது பேர், முள்கம்பி, வயர்லெஸ் என்று ஒரே அமர்க்களம். அங்கே மாட்டிய நாலு ‘கிராமத்துப் பெண்களை’ வழக்கம் போல வெயிலில் உட்கார வைத்தார்கள். ஒரு மணி நேரத்திலேயே ரோல் மூன்று தண்ணீர் கேட்டான். நடிக்காதேடா என்று சிரித்தார்கள்.

பின்பக்கம் கொக்கு தன் எட்டுப் பேரை அழைத்துக்கொண்டு பம்புக்குப் போனதும் முதல் வேலையாகத் தார்ப்பாயைக் கட்டி நிழல் போட்டாள். ஒரு வாளி தண்ணீர் வைத்தாள். பெண்களைச் சோதிக்கத் தடுப்புக்குப் பின்னால் இரண்டு பெண் மாணவிகளை நிறுத்தினாள். வருகிறவர்களைப் பத்து நிமிடத்துக்கு மேல் நிறுத்தக் கூடாது என்று சொல்லிக் கடிகாரத்தை ஒருவன் கையில் கொடுத்தாள். அப்புறம் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு ஏழாம் வீட்டுக்கும் எட்டாம் வீட்டுக்கும் நடுவே போய்ப் புதரில் உட்கார வைத்தாள்.

“இங்க வழியே இல்லையே,” என்றான் ஒருவன், வரைபடத்தைக் காட்டி.

“கீழ பாரு,” என்றாள் கொக்கு.

புல் நடுவே ஒரு சாண் அகலத்துக்கு மண் தேய்ந்து பாதை போயிருந்தது. வரைபடம் போட்டவர்கள் வண்டி போகும் வழியைத்தான் போட்டிருந்தார்கள். இது வண்டி போகாத வழி. இரண்டு வருடம், பதினாலு பயிற்சி, பாவாடை கட்டும் இடத்திலிருந்து பம்புக்கு ஆறு பெண்கள் குடத்தோடு நடந்து நடந்து போட்ட பாதை.

ஒன்பதே முக்காலுக்கு ரோல் ஒன்று அந்த வழியே வந்தான், இடுப்பில் குடம், தலையில் துணி. எதிரிப் பக்கம் கெட்டிக்காரத்தனமாக அவனிடம்தான் பெட்டியைக் கொடுத்திருந்தது. குடத்துக்குள் வெடிப்பெட்டி இருந்தது. கொக்கு அவனை மரியாதையாக நிறுத்தி, தண்ணீர் கொடுத்து, எங்கே போகிறீர்கள் என்று கேட்டு, குடத்தை வாங்கிப் பார்த்தாள். யாரும் கத்தவில்லை, யாரையும் தள்ளவில்லை. கழகத்தின் சரித்திரத்தில் பத்து மணிக்கு முன்னால் பெட்டி அகப்பட்டது அதுதான் முதல் தடவை. முன்பக்கத்து நாற்பது பேரும் பதினொன்றரை வரை முள்கம்பியைக் காத்துக்கொண்டு நின்றார்கள், யாரும் அவர்களுக்குச் சொல்ல ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.

மேஜருக்குக் கண் கலங்கியது. சந்தோஷத்தில்தான். ஆனால் அந்தச் சந்தோஷம் மூன்று மணிக்கு மேல் தாங்கவில்லை.

மூன்று மணிக்கு அரங்கத்தில் ஆய்வுக் கூட்டம். வந்த குழு முன்வரிசையில் அமர்ந்திருந்தது. கர்னல் மைக்கைப் பிடித்தார். அவருக்கு மைக் கிடைத்தால் கரும்பு தின்ற மாதிரி. இன்றைய வெற்றிக்குக் காரணம் நமது கழகத்தின் தனிப்பட்ட பயிற்சி முறை என்றார். இரண்டு வருடம் கிராமத்துப் பெண்களாகவே நிற்க வைத்ததால்தான் இந்த மாணவிக்கு இவ்வளவு நுட்பம் வந்தது என்றார். ஆகவே அடுத்த அணியில் எல்லாப் பெண்களும் இரண்டு வருடமும் இந்தப் பயிற்சியைத் தொடர்ந்து பெறுவார்கள் என்று முடித்தார். அரங்கம் கைதட்டியது. கொக்கு மட்டும் கையை மடிமீது வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அடப்பாவி மனுஷா என்று மேஜர் மனதுக்குள் கொதித்தாள். கழுத்தில் மிதித்துக்கொண்டே நின்றுவிட்டு, என் காலுக்குக் கீழே இருந்ததால்தான் நீ பலசாலி ஆனாய் என்கிறார். இதற்குப் பதக்கம் வேறு குத்திக்கொள்வார் போலிருக்கிறது.

அவளை மேடைக்குக் கூப்பிட்டார்கள். படிவத்தில் கையெழுத்து, பிறகு ஒரு போட்டோ. படிவத்துக்குக் கீழே மதிப்பெண் தாள்கள் அடுக்கியிருந்தன. மேலாக இருந்தது கொக்கின் தாள். களத் தலைமைக் கட்டத்தில் ஒரு கோடு கிழித்திருந்தது.

மைக் பக்கத்திலேயே இருந்தது. மேஜர் குரலை உயர்த்தவில்லை, தாழ்த்தவும் இல்லை. “இந்தக் கட்டத்துல ஏன் சார் கோடு போட்டிருக்கு?”

கர்னல் சிரித்த முகத்தோடு காதருகே குனிந்தார். “அரை நாள்தானே. அது சேராது. அப்புறம் பேசலாம்மா, கையெழுத்துப் போடு.”

அதுவும் மைக்கில் போய்விட்டது. முன்வரிசையில் நரைத்த தலை நிமிர்ந்தது, நோட்டுப் புத்தகம் திறந்தது.

“இப்பவே பேசலாம் சார். இவ்வளவு நேரம் நீங்க பாராட்டினது இந்த அரை நாளைத்தான். கட்டத்தை நிரப்புங்க. அப்புறம் நான் போடறேன்.”

பேனாவை நீட்டிக்கொண்டு நின்றாள். கர்னலின் காது சிவந்து போனது. பேனாவை வாங்கிக் கோட்டை அடித்து எண்பத்திரண்டு என்று எழுதினார். மேஜர் பேனாவைத் திரும்ப வாங்கினாள். படிவத்தில் தன் பெயருக்கு மேலே ஒரு வரி எழுதி, எழுதியதை மைக்கில் படித்தாள். இது இவ்வளவு நல்ல பயிற்சியாக இருப்பதால், அடுத்த அணியிலிருந்து ரோல் நம்பர் வரிசைப்படி ஆண்களுக்கே முதலில் கொடுக்க வேண்டும். கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மறுபடி கர்னலிடம் கொடுத்தாள். அவர் கையெழுத்துப் போடும் இடம் அதற்கு நேர் கீழே இருந்தது. முன்வரிசையைப் பார்த்தார், போட்டார். அந்தப் போட்டோவில் சிரித்தவள் வந்த குழுவின் தலைவி ஒருத்திதான்.

கொக்கு காலாட்படைக்குப் போனாள். போகும்போது வந்து சலாம் வைத்தாள். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, மேஜரும் எதிர்பார்க்கவில்லை. அவளுக்குச் சேர வேண்டியது அவளுக்குக் கிடைத்தது, அவ்வளவுதான். மற்ற ஐந்து பேரின் கட்டத்திலும் கோடு கோடாகவே இருந்தது. அவர்கள் ஸ்டோருக்கும் கோப்பு அறைக்கும் போனார்கள். அந்த ஐந்து பேரை நினைத்தால் மேஜருக்கு அன்றைக்கும் சோறு இறங்கவில்லை, இன்றைக்கும் இறங்குவதில்லை.

அடுத்த அணிக்கான கால அட்டவணை வந்தபோது சனிக்கிழமை கடைசி வகுப்பில் ‘ஓய்வு’ என்றிருந்தது. களத்திலேயே கற்றுக்கொள்வதால் தனியாகப் பாடம் தேவையில்லை என்று கர்னல் எழுதியிருந்தார். மேஜருக்குப் புதிய பொறுப்பு: களப்பயிற்சி உடைகள் வழங்கல். பட்டப்பெயரை உத்தியோகமாகவே ஆக்கிவிட்டார் மனிதர்.

முதல் களப்பயிற்சியன்று ஸ்டோர் ஜன்னலுக்கு உள்ளே மூட்டையைப் பிரித்து வைத்துக்கொண்டு அவள் நின்றாள். வெளியே ரோல் ஒன்று முதல் ஆறு வரை வரிசையில் நின்றார்கள், முகம் மழித்து, முழங்கை விறைத்து. ஒவ்வொருவனுக்கும் ஒரு பாவாடை, ஒரு தலைத்துணி, ஒரு குடம். கடைசிப் பையனுக்குக் கை ஒடிந்த பொம்மையும் கிடைத்தது. அவன் அதைத் தலைகீழாகப் பிடித்தான். அப்புறம் எதற்கோ பயந்தவன் போல நிமிர்த்திக்கொண்டான்.

“அந்தச் சாவடியில எவ்வளவு நேரம் மேடம் நிக்கணும்?” என்று கேட்டான்.

மேஜர் அவன் பெயருக்கு நேரே பொம்மை ஒன்று என்று எழுதினாள்.

“அவங்க விடற வரைக்கும்.”